பழைய கராத்தே படங்களைக் கூத்துப் பார்க்கிற கண்ணால் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு சினிமாப் பக்கத்தில் எழுதியவர், எழுபதுகளில் ஹொங்கொங்கிலும் தாய்வானிலும் எடுத்த மலிவுக் குங்ஃபூ படங்களை 'வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். வாசித்ததில் இருந்து மனம் கேட்கவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊருக்குக் கரண்ட் வராத காலத்தில் கோயில் திருவிழா முடிந்தால், அல்லது யார் வீட்டிலாவது ஒரு நல்ல காரியம் என்றால், டவுனில் டீவி, டெக் (வீடியோ கசட் ஓட்டுகிற பெட்டி), ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து மண்முனைத் துறையில் பாதையில் (ஆட்களையும் சாமான்களையும் அக்கரை சேர்க்கிற மிதவையில்) ஏற்றி வாவியைக் கடந்து கொண்டுவருவார்கள் (அங்கே பாலம் வந்தது 2014 இல்தான்). முதலில் எம்ஜிஆர் படம், பிறகு ரஜினி படம், பெண்களும் சின்னப் பிள்ளைகளும் பாயிலேயே தூங்கிப்போன பிறகு சாமத்தில் ஒரு சைனீஸ் படம். யார் நடித்தாலும் எங்களுக்கு அது புரூஸ்லி படம்தான். உண்மையில் புரூஸ் லீ 1973 ஜூலை 20 இல், 32 வயதில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீ என்று ஒரே மாதிரித் தலைமயிரோடு பலபேர் வந்தார்கள், நாங்கள் அத்தனை பேரையும் அவராகவே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாய் பொருந்தாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் படங்களைப் பெரும்பாலும் சத்தம் பதியாமலே எடுத்தார்கள். பேச்சு, அடிச் சத்தம், உடுப்புப் படபடக்கிற சத்தம் எல்லாம் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்தது. மாண்டரின், கண்டனீஸ், ஆங்கிலம் என்று எந்த ஊரில் எந்த மொழி விலைபோகுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். தண்டவாளம் போட்டுக் கமராவை நகர்த்த நேரமும் காசும் வேண்டும், அதனால் ஒரேயடியாக ஜூம். செக்கனுக்கு 24 பிரேம் ஓடவேண்டிய கமராவை 22, 20 என்று குறைத்து ஓடவிட்டால் திரையில் கை கால் இன்னும் கெதியாக வரும். ஹொங்கொங்கின் பெரிய ஸ்டூடியோக்காரர்களான ஷோ சகோதரர்களிடம் காசு இருந்தது, சொந்தமாகக் கட்டிய தெருக்களும் மாளிகைகளும் இருந்தன, அவற்றையே படத்துக்குப் படம் திருப்பித் திருப்பிப் பாவித்தார்கள். அதுவும் இல்லாதவர்கள் பற்றைக் காட்டிலும் ஆற்றங்கரையிலும் வெயில் வெளிச்சத்தை நம்பி எடுத்தார்கள். ஆனால் சண்டை வந்தால் கமரா தள்ளி நிற்கும். இரண்டு பேரும் தலை முதல் கால் வரை தெரிவார்கள், வெட்டாமல் பத்துப் பதினைந்து அடி ஒரே மூச்சில் போகும். இன்றைக்கு அடிக்கு ஒரு வெட்டு வைக்கிற படங்களில் யார் யாரை அடித்தார் என்றே எனக்குப் பிடிபடுவதில்லை.

எங்கள் மாமா ஒருவர், எங்கள் பக்கத்துக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்து ஆடியவர். அந்தச் சாமத்திலும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கடைசியில் குந்தியிருப்பார். ஜக்கி சான் நடித்த ஒரு படம் ஓடியபோது நாங்கள் எல்லாம் கத்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். என்ன மாமா என்று கேட்டேன். "முகத்தை விடுடா தம்பி, காலைப் பார், தாளத்துக்கு வைக்கிறான்" என்றார். ஜக்கி சானும் சம்மோ ஹங்கும் யுவென் பியாவோவும் சின்ன வயதிலேயே பீக்கிங் ஒபரா (சீனத்துப் பாட்டும் ஆட்டமும் கலந்த மேடைக் கூத்து) பள்ளியில் சேர்ந்து, ஆட்டமும் பாட்டும் குத்துக்கரணமும் ஒன்றாகப் பழகியவர்கள் என்பதை நான் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். எழுத வாசிக்கத் தெரியாத மனுஷன் அதைக் காலில் பார்த்துவிட்டார்.

1978 இல் வந்த 'ட்ரங்கன் மாஸ்டர்' படத்தை எடுத்தவர் யுவென் வூ பிங். அதில் வெறிகாரக் குருவாக வருகிற கிழவர் அவருடைய சொந்தத் தகப்பன். தகப்பனும் மகனுமாகக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் குடும்பங்களைக் கண்ட எங்களுக்கு இது புது விஷயமா? கூத்திலும் ராசா களரிக்கு (ஆடுகிற களத்துக்கு) வந்தவுடன் தனக்குரிய தாளக்கட்டுக்கு வரவு (தன்னை அறிமுகப்படுத்துகிற ஆட்டம்) ஆடித்தான் மிச்சம். குங்ஃபூ படத்திலும் ஒருவன் முதலில் நின்று தன் அடிமுறையைக் காட்டிவிட்டுத்தான் மோதுவான். பசை தெரிகிற வெள்ளைத் தாடி என்று சிரிக்கிறார்கள். ராசா வேஷத்தின் விரிந்த கரப்புடுப்பும் பலகை வாளும் தெரியாமலா நாங்கள் விடிய விடியக் கூத்துப் பார்த்தோம்? காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் சிலம்படியோடு சேர்த்துப் பழக்குகிற அடிமுறைக்குப் பெயரே சீனடி. இந்தப் படங்கள் எங்களுக்கு அந்நியம் இல்லை.

எல்லாவற்றையும் நல்ல படம் என்று சொல்ல வரவில்லை. புரூஸ் லீ இறந்து ஐந்து வருஷத்துக்குப் பிறகு வந்த ஒரு படத்தில், கண்ணாடியில் அவருடைய முகத்தை அட்டையில் வெட்டி ஒட்டி வைத்துச் சமாளித்திருந்தார்கள், அவருடைய மரண ஊர்வலத்தையே காட்சியாகவும் போட்டிருந்தார்கள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலித்தது.

ஷோ சகோதரர்களின் படங்கள் பலவற்றைத் துப்புரவாக்கி நல்ல பிரதியாக வெளியிட்டிருக்கிறார்கள். சின்னக் கம்பனிகளின் படங்கள் பலவற்றுக்குத் தேய்ந்த பிரதிகள்தான் மிச்சம். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கூத்து ஆடுகிற ஒருவரையும் சீனடி பழக்குகிற ஒருவரையும் பக்கத்தில் இருத்தி, இப்படி ஒரு படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதை உங்கள் ஞாயிறு பக்கத்தில் போடுங்கள். அப்புறம், என்னிடம் மூன்று கசட் இருக்கிறது, ஒன்றில் கடைக்காரர் பேனையால் 'புரூஸ்லி 4' என்று எழுதியிருக்கிறார். ரிப்பனில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஓடுகிற நிலையில் டெக் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் பத்திரிகை மூலமாகத் தெரிவிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரை வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு