சதயத்துக்கு மறுநாள்

திருவையாறு
ஐப்பசி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மழையால் சம்பா நடவு பத்து நாள் தள்ளிப்போய், போன வாரம்தான் முடிந்தது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் உன் கடிதத்தை நான்தான் படித்துக்காட்டினேன்.

அமெரிக்காவில் உங்கள் ஊரில் கொலம்பஸ் நாளைப் பூர்வகுடிகள் நாளாக மாற்றிவிட்டார்கள் என்று மகிழ்ந்து எழுதியிருந்தாய். கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளான தைனோ மக்களைப் பிடித்து அடிமைகளாக ஸ்பெயினுக்கு அனுப்பியவருக்கு எதற்கு விழா என்று நீ கேட்பது நியாயம். ஆனால் கொலம்பஸ் இத்தாலியில் பிறந்தவர். 1891இல் நியூ ஆர்லியன்ஸில் 11 இத்தாலியர்களை ஒரு கும்பல் கொன்றது. மறு ஆண்டுதான் அதிபர் ஹாரிசன் கொலம்பஸ் நாளைக் கொண்டாடச் சொன்னார். அடிபட்ட மக்கள் தலைநிமிர்ந்த நாளும் அதுதான் என்பதால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

'ராஜராஜனுக்கு இன்னும் விடுமுறை விடுகிறீர்களா?' என்றும் கேட்டிருந்தாய். விடுகிறோம். நேற்று அவன் பிறந்த நட்சத்திரமான சதயவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அவன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். ஓதுவார்கள் தேவாரம் பாடியபோது எனக்குக் கண் கலங்கியது.

மேடையில் பேசியவர்கள் 'நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும்' கல்லிலே வெட்டச் சொன்ன அவன் ஆணையை வியந்தார்கள். அந்த வியப்பு எனக்கும் உண்டு. ஆனால் அதே கோயில் கல்வெட்டில்தான், பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலில் ஆடும் பெண்களின், பெயர்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். வர விருப்பமா என்று அவர்களை யார் கேட்டிருப்பார்கள்? படையெடுத்துப் பிடித்த ஈழத்து ஊர்களின் வருவாயும் இந்தக் கோயிலுக்கே வந்தது. வரி நீக்கிய நிலங்களின் கணக்கிலோ குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன.

தீண்டாச்சேரி என்ற சொல்லை முதன்முதலில் படித்த அன்று, வாய்க்காலுக்கு அப்பால் இருந்த உன் வீடுதான் கண்முன் வந்தது. பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. என் வீட்டிலோ நீ திண்ணையோடு நின்றுவிடுவாய். உனக்குத் தனி டம்ளர். அதை எடுத்துவைத்தது அம்மா. பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவன் நான். இத்தனை ஆண்டுகளில் இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

சதய விடுமுறையை நீக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். அந்தக் கல்லைச் சுமந்தவர்களில் உன் முன்னோரும் இருந்திருப்பார்கள். அது உன் கோயிலும்தான். ஆனால் சதயத்தன்று அந்தக் கல்வெட்டுகளை மேடையில் முழுதாக வாசிக்க வேண்டும். அந்த 400 பெயர்களையும், தீண்டாச்சேரியையும் விடாமல். விழாக் குழுவுக்கு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ படித்து, தவறான இடங்களை அடித்துத் திருத்தி அனுப்பு. அதன் பிறகுதான் கொடுப்பேன்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்த டம்ளர் பேச்சை அம்மாவே எடுத்தாள். பொங்கலுக்கு உன்னை வரச் சொல்கிறாள். இந்த முறை அடுக்களையில் உட்காரவைத்துத்தான் சோறு போடுவாளாம்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்