ஆண்டறிக்கை: இலங்கை – தமிழகக் கலை, இலக்கியக் கொடுக்கல் வாங்கல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இலங்கையோடு நமக்குள்ள கலை, இலக்கிய உறவையே இந்த ஆண்டின் பொருளாக எடுத்துக்கொள்வதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். மாதக் கூட்டங்கள் எல்லாமே அதையொட்டித்தான் நடந்தன.

முதல் கூட்டங்களில் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் பதிப்பித்த கலித்தொகை பற்றியும், 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய ஈழத்துத் துறவி விபுலாநந்தரின் பழந்தமிழ் இசை ஆய்வான யாழ்நூல் பற்றியும் பேசினோம். இரண்டும் உறுப்பினர்கள் நன்கறிந்த செய்திகள் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

விரித்துச் சொல்ல வேண்டியது கூத்துக் கூட்டத்தைத்தான். தமிழ்க் கூத்தின் செல்வாக்கில் சிங்களத்தில் 'நாடகம' என்ற ஆட்டமரபு உருவானது. அதை அடிப்படையாகக் கொண்டு சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். அதன் பாடல்களை ஒலிக்கவிட்டோம். அவையில் யாருக்கும் சிங்களம் தெரியாது. ஆனாலும் மத்தளம் விழுந்ததும் மட்டக்களப்பிலிருந்து வந்து குடியேறிய மூத்த உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது வரவுப் பாட்டு, ஆள் களரிக்குள்ள வாறார்" என்றார். களரி என்பது கூத்து ஆடும் இடம். பாத்திரம் அங்கே நுழையும்போது வரவுப் பாட்டுப் பாடி அறிமுகப்படுத்தும் வழக்கம் இரண்டு மரபிலும் உண்டு. அப்புறம் மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியின் வரவு ஒன்றை அவரே தாளம் போட்டுப் பாடிக் காட்டினார். இந்த ஆண்டில் நம் மன்றம் செய்த நல்ல காரியம் அந்தப் பொழுதுதான் என்பது என் கருத்து.

கதை அங்கே முடியவில்லை. 'மனமே' அடைந்த வெற்றி பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு ஊக்கம் தந்தது. விடிய விடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, 1962இல் 'கர்ணன் போர்' தயாரித்தார். பிறகு 'இராவணேசன்' வந்தது. தமிழரிடமிருந்து போனது சிங்கள மேடையில் வளர்ந்து, தமிழர் தங்கள் கூத்தைப் புதிதாகப் பார்க்கக் காரணமானது. அரசியல் இரு மொழியினரையும் எவ்வளவோ விலக்கிய காலத்திலேயே இது நடந்தது. அதனால்தான் இது மறக்கக்கூடாத செய்தி.

ஒரு குறை. கூத்துக் கலைஞர்களை நேரில் அழைக்கும் முயற்சி கைகூடவில்லை. பயண அனுமதி உரிய நேரத்தில் வரவில்லை. கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரிடம் இணையவழியில் பேசியது ஆறுதல்தான், ஆனால் ஆட்டத்தைத் திரையில் பார்ப்பது போதாது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பரிந்துரைகளை வைக்கிறது. சிங்களச் சிறுகதைகளை ஆங்கிலம் வழியாக அல்லாமல் நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவருவோரின் நூல்களை வாங்கி வாசிப்பது; கலைஞர்களின் பயணத்துக்கென்று தனி நிதி ஒதுக்கி, அழைப்பு வேலையை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆரம்பிப்பது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்