‘யாருக்கும் தெரியாத கடை’: உணவு வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் சந்து பொந்தெல்லாம் தேடிப்போய் உணவு வீடியோ எடுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். எந்தக் கடை என்று நான் விளக்க வேண்டியதில்லை. திருவல்லிக்கேணிச் சந்து, நீலப் பலகை, இட்லி, வடகறி. இரண்டு மாதத்தில் உங்களில் பலர் வந்து போய்விட்டீர்கள். எல்லா வீடியோவும் ஒரே வரியில்தான் தொடங்குகிறது: “யாருக்கும் தெரியாத கடை.” 22 வருடமாக எங்கள் தெருவே காலையில் சாப்பிடும் கடை அது. பக்கத்து மேன்ஷன்களில் தங்கியிருக்கும் பிள்ளைகள் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்ட கடை. நாங்களெல்லாம் உங்கள் கணக்கில் ‘யாரும்’ இல்லை போலிருக்கிறது.

நேராகவே கேட்டுவிடுகிறேன். அந்த வீடியோக்களுக்குக் கீழே போட்டிருக்கும் வரைபட இணைப்பை நீக்கிவிடுங்கள். வீடியோ இருக்கட்டும், இணைப்பு வேண்டாம்.

என் அப்பாவுக்கு 81 வயது. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். வீட்டில் இட்லி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அம்மா போன பிறகு அந்தக் கடை வாசலில்தான் அவருக்குப் பேச்சுத்துணை. ஊசி போட்டுக்கொண்டு ஆறேமுக்காலுக்குக் கிளம்புவார். ஏழு மணிக்குத் தட்டில் நான்கு இட்லி இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை தட்டுக்குப் பதிலாக டோக்கன் வந்தது. எண் 57. முன்னால் விடச் சொல்லிக் கேட்க அவருக்குக் கூச்சம். ஏழே முக்காலுக்கு மேன்ஷன் பையன் ஒருவன் எனக்கு போன் செய்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின. டோக்கனை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டிய பிறகுதான் என்னை யாரென்று தெரிந்தது.

அன்று மாலையே அப்பா வீடியோவில் வந்துவிட்டார். நான்கு நொடி. அதே படி, அதே டோக்கன். பின்னணியில் உங்களில் ஒருவரின் உற்சாகக் குரல்: “இந்த வயதிலும் தாத்தா எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறார் பாருங்கள், ருசி அப்படி!”

ஐயா, அவர் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைக்கு வியாபாரம்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கடை நடத்தும் அக்காவிடம் கேட்டேன். கடன் வாங்கிப் புதிதாக ஒரு கிரைண்டர் போட்டிருக்கிறார். சனி, ஞாயிறு நிற்க இடமில்லை. செவ்வாய்க்கிழமை மாவு மீந்து புளித்துப் போகிறது. வேலைக்கு நேரமாகிறதென்று மேன்ஷன் பிள்ளைகள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். உங்கள் கூட்டம் அடுத்த ‘யாருக்கும் தெரியாத கடை’க்கு நகர்ந்த பிறகு அந்தத் தவணையை யார் கட்டுவது?

இட்லியோடு முடிகிற கதையா இது? இந்த ஊரில் விடுமுறை நாள் என்றால், கைப்பேசி காட்டும் இடத்துக்குப் போய், அது காட்டும் பண்டத்தை வாங்கி, ஆறும்வரை படம் பிடித்து, ஆறிய பிறகு தின்பது என்றாகிவிட்டது. வடகறி சூடாக ஒருவர் வாய்க்குள் போய் நான் பார்த்து நாளாகிறது. ஜப்பானில் புஜிகவாகுச்சிகோ என்றொரு ஊர். அங்கே ஒரு கடைக்குப் பின்னால் புஜி மலை அழகாகத் தெரிகிறதென்று படமெடுக்க வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல், 2024-ல் இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்புத் திரையே கட்டினார்கள். மலையைத் திரை போட்டு மறைக்கலாம். வடகறி வாசனையை எதைக் கொண்டு மறைப்பது?

காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அது விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும் என, இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. பார்க்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பாவது இருக்கிறது. தெருவில் குடியிருக்கிறவர்களுக்கு உங்கள் நல்ல மனதை விட்டால் வேறு கதி இல்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது வரைபட இணைப்பை நீக்கச் சொல்லித்தான். இனிமேல் இப்படிப்பட்ட சந்துக் கடைகளை எடுத்தால் பேட்டையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாசல்வரை கூட்டிவராதீர்கள். அப்பா வருகிற அந்த நான்கு நொடியையும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். அதை அவர் இன்னும் பார்க்கவில்லை.

வரும் ஞாயிறும் அங்கேதான் சாப்பிடுவேன் என்கிறார். தட்டு கைக்கு வரும் நேரம் தெரிந்த பிறகு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பையில் வைத்துக் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணிவாசி ஒருத்தி