லேன் அடாப்டர் பெட்டியின் முன்பக்கத்தில் லேன் வேகத்தை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டையில் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து வருகிறேன். கேமரா வேலை வீட்டுக்காரருடையது. கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் பக்கம்தான் எங்களுக்குப் பாதி வேலை. நமக்கு ஆவணி பிறந்தால் அங்கே மலையாளிகளுக்குச் சிங்ஙம் மாதம். முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமராவிலுமாக 300 ஜிபி சேர்ந்துவிடும். அவர் ராத்திரி மலையிறங்கி வந்ததும் அத்தனையையும் லேப்டாப்பிலிருந்து மாடியிலுள்ள ஸ்டோரேஜ் பெட்டிக்கு ஏற்றி, சரிபார்த்து, விடிவதற்குள் கார்டுகளைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

புது லேப்டாப்பில் லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) கிடையாது. எங்களுடையது பழைய கல்வீடு. வைஃபை மாடிக்குப் போவதற்குள் செத்துவிடும். அதனால் மூன்று யூஎஸ்பி போர்ட்டும் ஒரு லேன் போர்ட்டும் உள்ள அடாப்டர் வாங்கினோம். பெட்டியில் 'யூஎஸ்பி 3.0, சூப்பர் ஸ்பீட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காப்பி போட்டால் நொடிக்கு 11 எம்பிக்கு (மெகாபைட்) மேல் ஏறவில்லை. 300 ஜிபிக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். காலை நாலு மணிக்குப் புனலூர் முகூர்த்தத்துக்குக் கிளம்பியவருக்குக் கொடுக்கக் காலி கார்டு இல்லை. பக்கத்து ஸ்டுடியோவை எழுப்பிக் கடன் வாங்கினேன். அன்றைக்கு நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் '10/100'. அந்த 3.0 என்பது யூஎஸ்பி போர்ட்டுகளின் வேகம். உள்ளேயிருக்கும் லேன் சிப் நொடிக்கு வெறும் 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 12 எம்பியைத் தாண்டவே தாண்டாது. கடைக்காரருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. "யூஎஸ்பி 3.0தான்க்கா, இதுக்கு மேல வேகமே கிடையாது" என்றார்.

கிகாபிட், அதாவது 1000 மெகாபிட் அடாப்டர் வாங்கி மாட்டினேன். அப்போதும் செட்டிங்ஸில் 100 என்றே காட்டியது. கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி என நாலுதான் இருந்தன. நீலத்தையும் பழுப்பையும் வயரிங் செய்தவர் ஒட்ட வெட்டியிருந்தார். 100க்கு நாலு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எட்டையும் சேர்த்து முனையில் அழுத்திப் பொருத்திய (கிரிம்ப்) பிறகு 110 எம்பி வந்தது. ஏழு மணி நேர வேலை முக்கால் மணியில் முடிந்தது.

இப்போது 2.5 கிகாபிட் அடாப்டர் வைத்திருக்கிறேன். ஸ்டோரேஜ் பெட்டியிலும் 2.5 போர்ட் இருப்பதால், நடுவில் பழைய ஸ்விட்ச் (லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி) இல்லாமல் நேராக இணைத்திருக்கிறோம். இந்த வேகத்துக்குப் புதுக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை, நல்ல கேட் 5ஈ ரக லேன் கேபிளே போதும். இரண்டு பக்கமும் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) என்பதால் 20 நிமிடத்துக்குள் முடிகிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் வேலை செய்பவர்கள் இதற்குச் செலவழிக்க யோசிக்கலாம்; அங்கே டிஸ்க்கே வேகத்தைப் பிடித்து நிறுத்திவிடும். எந்த அடாப்டரானாலும் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகிவிடாதீர்கள், அதன் உச்சமே 480 மெகாபிட்தான்.

பொட்டலப் பொருள்களில் அதிகபட்ச சில்லறை விலையையும், இறக்குமதி என்றால் எந்த நாட்டுப் பொருள் என்பதையும் அச்சிடச் சட்டம் இருக்கிறது. லேன் அடாப்டர் பெட்டியின் முன்பக்கத்திலும் 100, 1000, 2500 என்று அதன் லேன் வேகத்தைப் பெரிய எண்ணில் அச்சிட நுகர்வோர் விவகாரத் துறை உத்தரவிட வேண்டும். லேன் போர்ட்டை எடுத்துவிட்டு லேப்டாப் விற்கும் நிறுவனங்களும், எந்த அடாப்டர் பொருந்தும் என்பதை லேப்டாப்போடு வரும் தாளில் தமிழில் எழுதித் தர வேண்டும். அடுத்த சிங்ஙத்துக்குள் இது நடந்தால் எங்களைப் போல எல்லையில் தொழில் செய்யும் பல வீடுகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டர், செங்கோட்டை