வெறுங்குலை கேட்ட மகளுக்கு

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் ஆய்வுக்கு வெறுங்குலை, அதாவது எண்ணெய் ஆலையில் பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சும் செம்பனைக் குலை, சாம்பிள் அனுப்பச் சொல்லி நீ போனில் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன், ஆனால் அப்புறம் யோசித்தால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதையெல்லாம் போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிடுவாய்.

இத்தனை நாள் பின்லாந்தின் பர்ச் மரக்கூழிலிருந்து எடுத்த நானோ படிகத்தை, அதான் நாருக்குள் இருக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத செல்லுலோஸ் துகளை, இனி நம் செம்பனை வெறுங்குலையிலிருந்து எடுக்கப்போகிறாய் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மலேசியாவில் வியாபாரத்துக்கென்று செம்பனையை முதலில் நட்டது நம் பத்தாங் பெர்ஜுந்தையில்தான், 1917-இல், தென்னமரம் தோட்டத்தில். (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.) அந்த மண்ணின் நார் உன் கைக்கு வருவது நல்ல விஷயம்.

ஆனால் கண்ணு, "அங்கே சும்மாதானே கிடக்கிறது" என்றாயே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆலையில் 100 டன் பழக்குலை இறங்கினால் 20 டன்னுக்கு மேல் வெறுங்குலையாக வெளியே வரும். அது லாரியேறித் தோட்டத்துக்கே திரும்பிப் போகிறது. மரங்களுக்கு நடுவே ஒரே அடுக்காகப் பரப்புவார்கள், குவித்துப் போட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகிக் கன்றுகளின் குருத்தைத் துளைத்துவிடும். அதிலுள்ள பொட்டாஷ் என்ற உரச்சத்து மழையில் கரைந்து மண்ணில் இறங்கும், வெயில் காலத்தில் வேர் காயாமலும் இருக்கும். நீங்கள் அதை அள்ளிக்கொண்டு போனால் அதே பொட்டாஷை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கித்தான் போட வேண்டும். உன் கட்டுரையில் மூலப்பொருளுக்கு விலை இல்லை என்று எழுதினால் அந்தச் செலவு தோட்டத்தின் தலையில் விழும், அதனால் உரத்தின் விலையையும் கணக்கில் சேர்.

அப்புறம், காயாத வெறுங்குலையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். தூரத்தில் தொழிற்சாலை கட்டினால் லாரிக்கூலி தண்ணீருக்குத்தான் போகும். கிழித்துப் பிழிந்து காயவைக்கும் வேலையையாவது ஆலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், நீராவி அங்கே இருக்கிறது.

குலையை நீயே கையால் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓரத்துக் கதிர்கள் முள்ளாகக் குத்தும், நடுத்தண்டு மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், ஆலையின் ஸ்டெரிலைசரில், அந்த நீராவிக் கலனில், வெந்து வந்த பிறகும் விரலில் எண்ணெய் ஒட்டும், இடுக்கில் மணல். இந்த எண்ணெயைக் கழுவாமல் காஸ்டிக் சோடா ஊற்றினால் சோப்பாகிவிடும். நாரின் மேல் வரிசையாக உருண்டைகள் ஒட்டியிருக்கும் மைக்ரோஸ்கோப் படம் ஒன்று காட்டினாயே, அந்தச் சிலிக்காதான், மணலில் இருக்கும் அதே பொருள், என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. நாரைப் பசைபோல் ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினைப் பிரிக்கச் சோடாவில் வேகவைத்தால் கறுப்பு நீர் வரும். உங்கள் ஊர்க் கூழாலைகளில் அதைச் சுண்டவைத்து பாய்லரில் எரித்துச் சோடாவைத் திரும்ப எடுக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். மரத்தில் சிலிக்கா குறைவு, அதனால் அது நடக்கிறது. வெறுங்குலையில் செய்தால் சிலிக்காவும் சோடாவில் கரைந்து வந்து, சுண்டவைக்கும் குழாய்களில் கல்லாகப் படியும். பாய்லர் குழாயில் படிந்த கல்லைத் தட்டி எடுத்த கை என்னுடையது, அது எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியும். திரும்ப எடுக்க முடியாத கறுப்பு நீர் எங்கே போகும்? சிலாங்கூர் ஆற்றுக்கு. கோலாலம்பூர் வரை குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீர்தான், கீழே கம்போங் குவாந்தானில் மின்மினிகள் வாழ்வதும் அதே கரையில்தான். அதற்கப்புறம் நானோ படிகம் எடுக்க 64 விழுக்காடு கந்தக அமிலம், அதைக் கழுவ இன்னும் எவ்வளவோ தண்ணீர். அந்தப் படிகம் அலுமினியத்தைவிட விறைப்பானது என்று நீ சொன்னபோது எனக்கும் பிரமிப்புதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கறுப்பு நீருக்கு வழி சொல்லாமல் உன் ஆய்வை முடிக்காதே.

மறுநடவில் சாய்க்கும் மரங்களையும் யோசித்துப் பார். 25 வருஷம் ஆனதும் சாய்த்துச் சீவிப் போடுகிறார்கள், ஒரே நேரத்தில் அத்தனை தண்டு கிடந்து அழுகும்போது வண்டுக்கு அது பெரிய தீனி. அதிலும் உரச்சத்து உண்டு, ஆனாலும் அதில் ஒரு பங்கை எடுத்தால் தோட்டத்துக்கும் நல்லது என்பது என் எண்ணம்.

சாம்பிள் நான் ஏற்பாடு செய்கிறேன். ஆலையில் இருக்கும் பையன்களிடம் சொல்லிவிட்டேன், கிழித்துப் பிழிந்தது ஒரு பை, பிழியாதது ஒரு பை, தேதி எழுதித் தனித்தனியாக வைப்பார்கள். செடி சம்பந்தப்பட்ட பொருள், எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் இல்லாமல் அனுப்ப மாட்டேன், அங்கே என்ன தாள் கேட்கிறார்கள் என்று உன் பேராசிரியரிடம் விசாரி. எத்தனை கிலோ வேண்டும், நாரை எவ்வளவு நீளத்துக்கு வெட்ட வேண்டும், வெயிலில் காயவைத்தால் போதுமா என்பதை வாட்ஸ்அப்பில் போடு.

அன்புடன்,
அப்பா