எந்தத் தோவோன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காட்டுப் பட்டாம்பூச்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் ஸ்கிப்பர் எனப்படும் தாவிப் பட்டாம்பூச்சிகளைப் பற்றிய பகுதியில் கட்டுரையாளர் கொஞ்சம் கதை கட்டிவிட்டார். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் வாழும் 'தோவோன்' என்ற தாவிப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) கிரேக்க அரக்கன் தோவோனைப் போல முரட்டு உடல்வாகு கொண்டதாம், அதனால்தான் அந்தப் பெயராம். தடித்த உடம்பும் அகன்ற தலையும் தாவிக் குடும்பம் முழுவதற்கும் பொது. தோவோனுக்கு மட்டும் தனியாக என்ன முரட்டுத்தனம்? அது ஒரு சின்னப் பழுப்புப் பூச்சி.

அதோடு, எந்தத் தோவோன்? தேவர்களோடு மோதி, விதிதேவதைகளின் வெண்கலத் தடியால் அடிபட்டுச் செத்த அரக்கன் ஒருவன் உண்டு, வாஸ்தவம். ஆனால் ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியத்தில் ட்ராய் தரப்பிலேயே அந்தப் பெயரில் மூன்று பேர் வருகிறார்கள். ஒருவனை டயோமீடிஸ் கொல்கிறான், ஒருவனை ஒடிசியஸ், இன்னொருவனை ஆன்டிலோக்கஸ். அவருடைய இன்னொரு காவியமான ஒடிசியிலோ விளையாட்டுப் போட்டிக்கு எழுந்து வரும் இளைஞர்களில் ஒருவன் தோவோன். இத்தனை பேரில் அரக்கனை மட்டும் பிடித்துப் பூச்சியின் தலையில் கட்டுவானேன்?

பூச்சிக்கு இந்தப் பெயரை வைத்தவர் இங்கிலாந்து இயற்கை ஆய்வாளர் காட்மேன். 1879 முதல் 1915 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'பயாலஜியா சென்ட்ராலி அமெரிக்கானா' என்ற மத்திய அமெரிக்க உயிரினங்கள் பற்றிய பெருந்தொகுப்பைச் சக ஆய்வாளர் சால்வினோடு சேர்ந்து நடத்தியவர். 'ஃபானிஸ்' என்ற தாவிப் பேரினத்துக்குப் பெயர் வைத்ததும் அவரே. புராணத்து ஃபானிஸ், உலக முட்டையை உடைத்துக்கொண்டு பொன் சிறகோடு வெளிவந்த ஆதி தெய்வம். பூச்சி ஃபானிஸிடம் பொன்னும் கிடையாது, ஒளியும் கிடையாது. விலங்குலகில் ஒரு பேரினப் பெயரை ஒருமுறைதான் வைக்கலாம். ஒரு நத்தைக்கோ வண்டுக்கோ முன்பே போயிருந்தால் அந்தப் பெயர் போனதுதான். அப்போது தாவிகளைப் புதிது புதிதாகப் பேரினங்களாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரபலமான தேவர்களெல்லாம் தீர்ந்துபோய், காவியத்தின் மூலைமுடுக்கில் கிடந்தவர்களைத் தேடிப் பிடித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

கட்டுரையாளர் ஏன் இப்படி நினைத்தார் என்பதும் புரிகிறது. அழகிகள் எனப்படும் பெரிய பட்டாம்பூச்சிகளில் இந்த மாதிரிப் பொருத்தம் உண்மையிலேயே இருக்கிறது. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் அவற்றை ட்ராய் வீரர், கிரேக்க வீரர் என்று இரண்டு அணியாகப் பிரித்தார். மார்பில் ரத்தச் சிவப்பு இருந்தால் ட்ராய் அணி. நம் ஊரில் ஆடுதின்னாப்பாளையில் முட்டையிடுகிற, சிவந்த உடலும் கறுத்த இறகும் கொண்ட அந்த அழகிக்கு அவர் ஹெக்டர் என்று பெயர் வைத்தது இந்தக் கணக்கில்தான். தாவிகளை அவர் வைத்த இடமே வேறு. பாமரர் என்றொரு வகுப்பு, அதில் நகரவாசிகள் என்றொரு பிரிவு. வீர வம்சத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று அவரே தள்ளிவைத்த கூட்டத்துக்குத்தான் பின்னால் வந்தவர்கள் டைட்டன்கள் பெயரும் மன்னர்கள் பெயரும் சூட்டினார்கள். கல்வாழை இலையைச் சுருட்டும் அமெரிக்கத் தாவிக்கு எத்லியஸ் என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் எலிஸ் நாட்டின் முதல் மன்னன் அவன். மன்னனுக்கும் கல்வாழைக்கும் என்ன உறவு?

இதை நம் பக்கத்துப் பெயர்களை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். இங்கிலாந்துப் பூச்சியியலாளர் ஃபிரடெரிக் மூர் 1860-களில் இந்தியத் தாவிகளுக்குப் பெயர் வைத்தபோது கிரேக்கத்தை விட்டு நம் புராணத்துக்கு வந்தார். ஒன்று அம்பரீசன், ஒன்று இந்திராணி, இன்னொன்றுக்குத் தசரா. ஏகாதசி விரதம் இருந்து துர்வாசரிடம் மாட்டிக்கொண்ட அம்பரீச மகாராஜாவின் சாயல், இலையின் அடியில் இறகைத் தட்டையாக விரித்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பழுப்புத் தாவியில் எங்கே இருக்கிறது? கதை தெரிந்த நமக்கு உடனே சிரிப்பு வருகிறது. தெரியாத கதை என்றால் மட்டும் ஏதோ ஆழ்ந்த காரணம் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டாரே என்பதுதான் என் வருத்தம். கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டே காடுகளில் உயிரியலாளர்கள் டேனியல் ஜான்சனும் வினி ஹால்வாக்ஸும் பல ஆண்டுகள் கம்பளிப்புழுக்களைச் சேகரித்து வளர்த்தார்கள். ஒரே இனம் என்று எல்லோரும் நம்பியிருந்த அஸ்ட்ராப்டிஸ் ஃபுல்ஜரேட்டர் என்ற தாவியின் புழுக்கள் வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு செடியில் இருந்தன. இறகு முளைத்து வெளியே வந்ததும் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. பால் ஹெபர்ட் குழுவோடு சேர்ந்து டி.என்.ஏ. பார்த்து, இது பத்து இனம் என்று 2004-இல் எழுதினார்கள். பத்தெல்லாம் இல்லை, அந்தச் சான்று அத்தனை இனத்தைத் தாங்காது என்று 2006-இல் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ புரோவர் மறுத்தார். அவரே 2010-இல் பத்துக்கும் முறையான பெயர் வைத்தது தனி வேடிக்கை. அதுவரை அந்தக் குழு புழங்கிய தற்காலிகப் பெயர்களில் எந்த அரக்கனும் கிடையாது. டிரைகோனியா செடியைத் தின்றால் 'ட்ரைகோ', செல்டிஸ் மரத்தைத் தின்றால் 'செல்ட்'.

எங்கள் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயிகளுக்கு இந்த முறை புதிதல்ல. மஞ்சள் இலையின் ஓரம் மடிந்து சுருண்டிருந்தால், பிரித்துப் பார்க்காமலே இலைச்சுருட்டுப் புழு என்பார்கள். பிரித்தால் உள்ளே வழவழப்பான பச்சைப் புழு, கறுத்த தலை. அதுவும் ஒரு தாவிதான், உடாஸ்பிஸ் ஃபோலஸ். இஞ்சியிலும் வரும்.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த இரண்டாவது படத்தின் கீழ் 'அந்துப்பூச்சி' என்று போட்டிருக்கிறீர்கள். உணர்கொம்பின் நுனி தடித்துக் கொக்கி போல வளைந்திருப்பது அச்சிலேயே தெளிவாகத் தெரிகிறது. அது தாவி. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். இந்தத் தொடர் இனியும் வருமானால், ஒவ்வொரு பட்டாம்பூச்சியின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் புழு தின்னும் செடியின் பெயரையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகி,
ஈரோடு.