என் இடத்தைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த இசை நண்பர்களுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

ஆர்மோனியத்தை மட்டும் கொண்டு நான் வாசித்துப் பதிவு செய்த 7 இசைத் துண்டுகள், மொத்தம் 38 நிமிடங்கள், சென்ற மாதம் வெளியாயின. கேட்டவர்கள் பலர் அழைத்து மனமார வாழ்த்தினீர்கள். அந்த வாழ்த்தில் பெரும்பங்கு போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு சிலர் என்பதால் இம்மடலை எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஊரையும் உறவையும் மட்டும் சொல்கிறேன்.

என் பிழைப்பு மூன்று குழுக்களில் நடக்கிறது. மாசி சிவராத்திரி தொடங்கி ஆடி வரை பென்னாகரம் பக்கத்துத் தெருக்கூத்துக் குழுவில் பெட்டி, அதாவது ஆர்மோனியம், வாசிக்கிறேன். முகூர்த்த மாதங்களில் கிருஷ்ணகிரி இன்னிசைக் குழுவில் கீபோர்டு. மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் ஓசூர் நண்பர்களின் குழு. அங்கே ஒரே மேடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிப் பாடல்களுக்கும் தயாராக இருக்க வேண்டும். மூன்று குழுவுக்கும் நாள் ஒதுக்கிக் கொடுத்து, எதிலும் பெயர் கெடாமல் காப்பதே பெரும்பாடு. இதற்கு நடுவே தனியாக ஒரு பதிவு என்று நான் பேச்செடுத்தபோது, வேண்டாத வேலை என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

முதல் நன்றி பாலக்கோட்டுக்கு அருகே பட்டுப்புழு வளர்க்கும் அக்காவுக்கும் மாமாவுக்கும். ஆர்மோனியத்தை ஒலிவாங்கிக்கு அருகில் வைத்தால் துருத்தியின் மூச்சும் கட்டைகளின் தட்டலும்கூடக் கேட்கும். அறைக்குள் வேறு எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. தருமபுரியில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு வெளியே பெங்களூரு லாரிகள் இரவெல்லாம் ஓடும். வாடகை ஒலிப்பதிவுக் கூடத்தில் மணிக்கணக்குப் பார்த்து வாசிக்க எனக்கு வசதி இல்லை. இதை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். கூடு அறுவடை முடிந்து, அடுத்த புழு வருவதற்காக மருந்தடிக்கும் வரை கொட்டகை எட்டு நாள் சும்மாதான் கிடக்கும், வந்து வாசி என்றார் மாமா. அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வெயில் காலத்தில் நனைத்துத் தொங்கவிடும் சாக்குகளை உலர்த்தி, புழுவைத் தாக்கும் ஊசி ஈ நுழையாமல் வலையடித்த சன்னல்களில் இரண்டடுக்காகக் கட்டினோம். புழு வளர்க்கும் தாங்கிகளின் மேல் பழைய ஜமுக்காளங்களை விரித்தோம். மின்கம்பியிலிருந்து வந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைத் தவிர்க்க, மடிக்கணினியையும் ஒலிவாங்கிப் பெட்டியையும் பேட்டரியிலேயே ஓட்டினேன். இவ்வாறு ஒன்றரை ஆண்டில் ஐந்து அறுவடை இடைவெளிகளில், மொத்தம் 31 இரவுகள் அந்தக் கொட்டகை என் பதிவு அறையாக இருந்தது.

புழு இருக்கும் நாளில் ஒரே ஒருமுறை உள்ளே செல்ல அக்கா அனுமதித்தார். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்து, கையைக் கழுவி, வாசனை எண்ணெயோ பவுடரோ பூசாமல் வர வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தில் இருந்த புழுக்கள் அவை. தம் வாழ்நாளில் தின்னும் இலையில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஏழெட்டு நாட்களில்தான் அவை தின்னும். அக்கா முசுக்கொட்டை (மல்பெரி) தழையைப் பரப்பிவிட்டு நகர்ந்ததும் கொட்டகை முழுவதும் மெல்லத் தூறல் விழுவது போன்ற ஓசை எழுந்தது. நான்காம் துண்டின் தொடக்கத்தில் மழை என்று பலர் கேட்டது அந்த ஓசைதான். ஒரு நோய் புகுந்தாலும் ஒரு பட்டமே, அதாவது ஒரு முறை வளர்த்த புழு முழுவதுமே, கைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் என்னை உள்ளே விட்ட அவருடைய நம்பிக்கையை நான் மறக்க மாட்டேன்.

அதே ஊரில், பக்கத்து நிலத்துத் தக்காளித் தோட்டக்காரர் ஒருவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கிணற்று மோட்டார் ஓடினால் தரை வழியாகவே அதிர்வு வந்துவிடும். தயங்கித் தயங்கிச் சொன்னேன். நான் வாசிக்கும் இரவுகளில் அதிகாலை 4 மணிக்கு மேல்தான் அவர் மோட்டாரைப் போட்டார். கும்மிருட்டில் எழுந்து மடை மாற்றி அவர் பாய்ச்சிய தண்ணீரின் அருமை எனக்குத் தெரியும்.

இனிச் சொல்லப்போவதுதான் இம்மடலை எழுத முதல் காரணம். கொட்டகை ஓயும் நாட்கள் புழுவின் கணக்கில் வருபவை. முகூர்த்த நாட்கள் பஞ்சாங்கக் கணக்கில் வருபவை. இரண்டும் வைகாசியிலும் ஆவணியிலும் மோதிக்கொண்டன. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதியால் இன்னிசைக் கச்சேரிகள் நேரத்தோடு முடிந்துவிடும். எனவே மேடையிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். மூன்று இரவுகள் அப்படிச் செய்தும் பார்த்தேன். நான்கு மணி நேரம் மேடை ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முன் நின்ற காதுக்கு நுண்ணிய ஒலி பிடிபடவில்லை. மூன்றாம் இரவு முழுவதும் ஒரு ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கு) சுருதி விலகி ஒலித்திருக்கிறது. மறுநாள் பகலில்தான் அது எனக்குத் தெரிந்தது.

அப்போது எனக்காக மேடையேறியவர் பர்கூரைச் சேர்ந்த தம்பி. வைகாசியிலும் ஆவணியிலுமாக 14 கச்சேரிகள் வாசித்தார். மாற்று ஆளை அனுப்புவது எங்கள் தொழிலில் எவ்வளவு பெரிய அச்சம் என்பதை மேடை ஏறியவர்கள் அறிவார்கள். நன்றாக வாசிக்கும் இளைஞர் ஒருவர் நான்கு கச்சேரிக்கு உட்கார்ந்துவிட்டால், ஐந்தாவதற்குப் பழையவரை யாரும் அழைப்பதில்லை. அது யாருடைய குற்றமும் அன்று, தொழில் அப்படி. தம்பி என்னைவிட வேகமாக வாசிப்பவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

புறப்படும் முன் என் பாட்டு நோட்டை அவரிடம் கொடுத்திருந்தேன். எந்தப் பாடகர் எந்தப் பாட்டை எத்தனை கட்டைச் சுருதியில் பாடுவார், எந்த இடைஇசையைக் குறைக்க வேண்டும், எங்கே சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பத்தாண்டுகளாக நீல மையில் எழுதிவந்த நோட்டு அது. பதிவு முடிந்து நான் திரும்பியபோது அதற்குப் புது அட்டை போட்டுக் கொடுத்தார். உள்ளே பச்சை மையில் அவருடைய குறிப்புகள் இருந்தன. ‘அக்காவுக்கு இப்போது தொண்டை சரியில்லை, 5½ வேண்டாம், 5 போதும்’ என்று குழுவின் பாடகியைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் 14 கச்சேரிகளின் ஊரும் தேதியும் இருந்தன. அவற்றின் கீழே, ‘அண்ணன் வரும்வரை’ என்ற இரண்டு சொற்கள். அந்த மாதங்களில் வேறொரு குழு நிரந்தர இடம் தருவதாக அழைத்தும், என் வேலை முடியட்டும் என்று அவர் காத்திருந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். தம்பி, இதற்கு நான் என்ன சொல்வது? உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

இன்னிசைக் குழுவை நடத்தும் அண்ணனும் அதே பெருந்தன்மையோடு நடந்துகொண்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கச்சேரிகள் அடியோடு நின்றபோது, வீடுவீடாக அரிசி மூட்டை இறக்கியவர் அவர். இந்த முறையும், நாள் தவறினால் ஆளை மாற்றுவேன் என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை.

கூத்து வாத்தியாரிடம் நான் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் சொல்கிறேன். இரண்டாம் துண்டும் ஆறாம் துண்டும் கூத்தில் பாடும் தரு என்ற பாட்டுகளின் மெட்டுகளிலிருந்து பிறந்தவை. விடியற்காலையில், போர்க்களக் காட்சியான படுகளத்துக்கு முன்பு, இரவெல்லாம் 5 கட்டையில் பாடிய தொண்டை சற்றுக் கரகரத்து வரும் அந்த முகாரிச் சாயலைப் பெட்டியில் கொண்டுவர விரும்பினேன். பொதுச் சொத்தாக வந்த மெட்டை என் பெயரில் போடலாமா என்று கேட்டேன். மெட்டு முன்னோருடையது என்று எழுதிவிட்டு, வாசிப்புக்கு மட்டும் உன் பெயரைப் போடு என்றார். அப்படியே போட்டிருக்கிறேன். ஆர்மோனியத்துக்கு 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் தடை இருந்த கதையையும் அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். கமகம் (சுரங்களை அசைத்து இழைக்கும் நுட்பம்) பிடிக்காத கருவி என்று வானொலி ஒதுக்கிவைத்திருந்த அந்த ஆண்டுகளிலும் கூத்து மேடையில் பெட்டி நிற்கவில்லை என்பதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். தனியாக ஆர்மோனியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை அங்கே முளைத்ததுதான்.

சேலத்திலிருந்து வந்து பெட்டியைச் சரிசெய்த பெரியவருக்கும் நன்றி. இரட்டை ரீடு போட்ட பெட்டியில் ஒரே சுரத்தின் இரண்டு ரீடுகள் இழையளவு விலகினாலும் ஒலி அலைபாயும்; மேடையில் மறைந்துவிடும் இந்தக் குறை ஒலிவாங்கியில் மறையாது. பித்தளை ரீட்டின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, மெல்லிய கத்தியால் இரண்டே இழுப்பு இழுத்து, மீண்டும் பொருத்திக் கேட்பார். இரண்டு இரவுகள் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்தே எல்லா ரீடுகளையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஒலிக்கலவை செய்த ஓசூர் நண்பர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். எங்கள் குழுவின் கித்தார் கலைஞரும் அவரே. இரவு ஷிப்ட் முடித்து, தூங்க வேண்டிய பகலில் எனக்காக உட்கார்ந்தார். துருத்தியின் மூச்சை முழுவதும் நீக்கிவிடலாம் என்று நான் சொன்னபோது, அது நீ மூச்சு விடும் சத்தம், இருக்கட்டும் என்று தடுத்தார். அவர் சொன்னதே சரி. நடுவில் வன்தட்டு பழுதாகி ஐந்தாம் துண்டு அழிந்துபோனதாக நான் துவண்டிருந்தபோது, அதை மீட்டுக் கொடுத்து, பணமும் வாங்க மறுத்த தருமபுரிக் கணினிக்கடைத் தம்பிக்கும், 31 இரவுகளும் நான் வரும்வரை கதவுத் தாழைப் போடாமல் வைத்திருந்த என் மனைவிக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வரும் தை மாதத்தில் பர்கூர்த் தம்பி தன் சொந்தப் பாடல்களைப் பதிவு செய்ய இருக்கிறார். அந்த நாட்களில் இன்னிசைக் குழுவில் அவருடைய கச்சேரிகளையும் சேர்த்து நான் வாசிப்பதாக அண்ணனிடம் சொல்லி, நாட்களையும் குறித்துக்கொண்டாயிற்று. பாலக்கோட்டு மாமாவிடம் கொட்டகை எப்போது ஓயும் என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது, தம்பி. இந்த முறை அதில் சிவப்பு மையில் எழுதுகிறேன்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
உங்கள் ஆர்மோனியக் கலைஞன்,
தருமபுரி.